கோடை முகாம் எதை எண்ணுகிறது?

ஏப்ரல் பாதி தாண்டிவிட்டால் சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் 'சம்மர் கேம்ப்' விளம்பரங்கள் குவியத் தொடங்கிவிடும். அபாகஸ், ரோபோட்டிக்ஸ், நீச்சல், சிலம்பம், கையெழுத்துப் பயிற்சி, அடுப்பில்லாச் சமையல் என்று பட்டியல் நீளும். பெற்றோர் கேட்பதும் வழக்கமான கேள்விகள்தாம்: என்னென்ன சொல்லித் தருவார்கள், எவ்வளவு கட்டணம், வேன் வருமா. இவற்றில் தவறொன்றும் இல்லை. ஆனால் கோடை முகாம் என்ற ஏற்பாட்டுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இவற்றைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று கிடைக்கும்: இந்த முகாம் எதைக் கணக்கு வைக்கிறது? முகாம் நடத்தியவர்கள் எல்லாக் காலத்திலும் எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் பேசியிருக்கிறார்கள். நல்ல காற்று, நல்ல பழக்கம், தன்னம்பிக்கை என்ற சொற்கள் எல்லா விளம்பரத்திலும் உண்டு. அவர்களுடைய பேரேடுகள்தாம் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஓரிடத்தில் குழந்தையின் எடையை எழுதினார்கள், ஓரிடத்தில் அவன் சம்பாதித்த காசை, இன்னோரிடத்தில் அவள் கோத்த மணிகளை. பேச்சை விட்டுவிட்டுப் பேரேட்டைப் பார்த்தால் அந்த முகாம் குழந்தையை என்னவாக நினைத்தது என்பது தெரிந்துவிடும்.

முதலில் கோடை விடுமுறையைப் பற்றிப் பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். அமெரிக்காவில் விவசாயிகளின் பிள்ளைகள் வயலில் உதவுவதற்காகத்தான் கோடை விடுமுறை வந்தது என்று அந்நாட்டவரே சொல்லிக்கொள்வதுண்டு. கல்வி வரலாற்றாசிரியர் கென்னத் கோல்ட் 2002-இல் வெளியான தம் நூலில் இது உண்மையல்ல என்று காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கிராமப் பள்ளிகள் குளிர்காலத்தில் ஒரு பருவம், கோடையில் ஒரு பருவம் என்று நடந்தன. விதைப்பும் அறுவடையும் இருந்த வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் மூடிக்கிடந்தன. நகரப் பள்ளிகளோ ஆண்டுக்கு 240 நாள் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நகரத்துக் கோடையின் புழுக்கம், வசதியுள்ள குடும்பங்கள் மலைக்கும் கடற்கரைக்கும் கிளம்பிவிடுவது, ஓயாத படிப்பு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் என்று அன்றைய மருத்துவர்கள் சிலர் பயந்தது, ஆசிரியர் பயிற்சிக்கு நேரம் தேவைப்பட்டது என்று பல காரணங்கள் சேர்ந்து கோடையை விடுமுறையாக்கின. ஆக, கோடை விடுமுறை நகரத்தின் பிள்ளை. அது பிறந்த சூட்டோடு நகரத்துக் கவலையும் பிறந்தது: இந்தப் பையன்கள் இத்தனை நாள் என்ன செய்வார்கள்? முகாம் அந்தக் கவலைக்குச் சொன்ன பதில்.

அமெரிக்க முகாம்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1861-இல் தொடங்குவார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சிற்றூரில் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் கன், உள்நாட்டுப் போர் மூண்ட அந்தக் கோடையில், சிப்பாய்களைப் போல வாழ ஆசைப்பட்ட தம் மாணவர்களை நாற்பது மைல் நடத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்தார். 1876-இல் ஜோசப் ராத்ராக் என்ற மருத்துவர் நோஞ்சான் பையன்களைத் தேற்றுவதற்காகப் பென்சில்வேனியா மலையில் ஒரு முகாம் தொடங்கினார். வரவு செலவைத் தாங்காமல் அது நின்றுபோனது. அவர் பிறகு அந்த மாநிலத்தின் காடு வளர்ப்புக்குத் தந்தை என்று பெயர் வாங்கினார். இந்த இரண்டையும் இவ்வளவோடு விட்டுவிடலாம். நம் கேள்விக்கு முதல் தெளிவான விடை தருவது மூன்றாவது முகாம்.

டார்ட்மத் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எர்னெஸ்ட் பால்ச் 1881-இல் நியூ ஹாம்ப்ஷயரின் ஸ்குவாம் ஏரியில் உள்ள ஒரு சிறு தீவில் 'சகோருவா' முகாமைத் தொடங்கினார். பணக்காரக் குடும்பங்கள் கோடை முழுவதும் மலை ஹோட்டல்களில் தங்கும். வேலைக்காரர்கள் எல்லாம் செய்துகொடுக்க, பையன்கள் வராந்தாவில் சும்மா திரிவார்கள். அப்படி வளரும் பிள்ளை உருப்படுமா என்பதுதான் பால்ச்சின் கவலை. அதனால் தீவில் வேலைக்காரர்களே கிடையாது என்று வைத்தார். சமையல், பாத்திரம் கழுவுதல், இடத்தைச் சுத்தம் செய்தல், படகுகளைப் பராமரித்தல் எல்லாம் பையன்கள் முறைவைத்துச் செய்தார்கள். இதைவிடச் சுவையானது அவர்களுடைய பண ஏற்பாடு. எல்லாருக்கும் ஒரே அளவு சிறு கைச்செலவுப் பணம். அதற்கு மேல் வேண்டுமானால் தீவில் ஆகவேண்டிய ஒரு வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்து சம்பாதிக்க வேண்டும். ஒப்பந்தம் எடுக்கப் பையன்களே கம்பெனி சேர்த்தார்கள். பணத்தைப் போட முகாமுக்குள்ளேயே வங்கி இருந்தது. காசோலை எழுதிக்கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள். நியூயார்க், பாஸ்டன் கோடீஸ்வரர்களின் பிள்ளைகள் தட்டுக் கழுவிய கூலிக்குக் காசோலை கிழிப்பதை நினைத்தால் சிரிப்பு வரும். பால்ச் அதை விளையாட்டாக நினைக்கவில்லை. அப்பாவின் பணம் தன் பணம் அல்ல என்பது அந்த வயதிலேயே உறைக்க வேண்டும் என்று நினைத்தார். அவர் முகாம் எண்ணியது உழைப்பை. ஏழைப் பிள்ளைக்கு உழைப்பின் அருமையைச் சொல்லித்தர முகாம் வேண்டியதில்லை, அதை அவன் வீட்டிலேயே அளவுக்கு மேல் கற்றிருப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். சகோருவாவின் கணக்கு ஒரு குறிப்பிட்ட வர்க்கத்தின் பயத்திலிருந்து வந்த கணக்கு. முகாம் 1889-இல் மூடப்பட்டது. தீவில் இன்றைக்கும் கோடை ஞாயிறுகளில் திறந்தவெளி வழிபாடு நடக்கிறது.

ஏழைப் பிள்ளைகளைப் பார்த்தபோது பெரியவர்களுக்கு வந்த பயம் வேறு. 1876-இல் ஜூரிச் நகரத்துப் பாதிரியார் வால்டர் பியோன், நெருக்கடியான தெருக்களில் வளர்ந்த 68 குழந்தைகளை அப்பென்செல் மலைக்கு அழைத்துப்போனார். அந்த யோசனை ஐரோப்பா முழுக்கப் பரவியது. பாரிஸில் எட்மோன் கொத்தினே 1883-இல் நகராட்சிப் பள்ளி நிதியின் துணையோடு ஒரு விடுமுறைக் குடியிருப்பைத் தொடங்கினார். பிரெஞ்சுக்காரர்கள் அன்று முதல் இன்றுவரை இத்தகைய முகாம்களைக் 'கொலோனி' என்றே சொல்கிறார்கள். அங்கே பேரேடு என்பது எடைக்கருவி. புறப்படும் முன் ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்துப் பார்த்தார்கள், உயரம் அளந்தார்கள், மார்புச் சுற்றளவை நாடா வைத்து எடுத்தார்கள்; திரும்பி வந்ததும் மறுபடியும் அதே சடங்கு. இடையில் கூடிய எடை ஆண்டறிக்கையில் அட்டவணையாக ஏறி, நன்கொடை கொடுத்தவர்களுக்குப் போனது. ஒரு கனவான் கொடுத்த பணம் இத்தனை கிலோ சதையாகியிருக்கிறது என்று காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. இன்றைக்கு இதைப் படிக்கையில் குழந்தையைச் சந்தைக்கு ஓட்டிப்போகும் கன்றுக்குட்டி போல நடத்தியிருக்கிறார்களே என்று தோன்றும். ஆனால் காசநோய் ஊரைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. அடுக்குக் குடித்தனங்களில் வெளிச்சம் நுழையாது. பள்ளிப் பிள்ளைகள் வெளிறிப்போய் வருவார்கள். எடை கூடியது என்றால் மூன்று வாரம் பால், இறைச்சி, வெயில் மூன்றும் கிடைத்தன என்று பொருள். கணக்கு முரடாக இருந்தாலும் பொய்யான கணக்கு அல்ல.

அந்தக் கணக்கின் குறை வேறிடத்தில் இருந்தது. எடைக்கருவியில் ஏறும்போது குழந்தை வெறும் வயிறாகிவிடுகிறது. அவன் மூன்று வாரம் யாரோடு பேசினான், யாரிடம் அடி வாங்கினான், இரவில் அழுதானா என்பதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை. பிரான்சிலேயே இதற்கு மாற்றாக இரண்டு வழிகள் தோன்றின. சேன்ட் எத்தியென் என்ற சுரங்க நகரத்தில் லூயி கோம்த் என்ற பாதிரியார் 1893 முதல் தொழிலாளர் பிள்ளைகளை மலைக்கிராம விவசாயிகளின் வீடுகளில் தங்கவைத்தார். கூட்டமாகத் தங்கும் விடுதி வேண்டாம், ஒரு குடும்பத்தில் பிள்ளையாக இருக்கட்டும் என்பது அவர் கட்சி. இன்னொரு வழி பாரிஸைச் சுற்றியிருந்த சிவப்பு நகராட்சிகள் எடுத்தது. கம்யூனிஸ்டுகள் கையில் இருந்த ஐவ்ரி நகராட்சி 1929-இல் அட்லாண்டிக் கடற்கரையில் லே மாத் என்ற இடத்தில் தன் சொந்த முகாமை அமைத்தது. அங்கே குழந்தைகள் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், கூட்டம் போட்டுப் பேசினார்கள். நகராட்சியே நடத்தியதால் சதைக் கணக்கை யாருக்கும் அனுப்பவேண்டிய அவசியமும் இல்லை. வாக்காளர் குடும்பங்கள் திருப்தியானால் போதும். கணக்கு யாருக்குக் காட்டப்படுகிறதோ அவர்களுக்காகவே முகாம் நடக்கிறது என்பது தெரிய, பாரிஸ் கொலோனியையும் ஐவ்ரி முகாமையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். 1937-இல் முகாம் வழிகாட்டிகளுக்கு முறையான பயிற்சி தரும் அமைப்பும் அங்கே உருவானது. பிள்ளையை அளந்தது போதும், பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரை அளப்போம் என்று கணக்கு திசைமாறிய இடம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் குழந்தைகள் கொலோனிக்குப் போனார்கள். அத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் கிடைத்தார்கள் என்றால் அதற்கு இந்தத் திருப்பமே காரணம் என்பது என் கருத்து.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்கு இறகாகவும் மணியாகவும் மாறியது. எர்னெஸ்ட் தாம்சன் சீட்டன் 1902-இல் தொடங்கிய சிறுவர் இயக்கத்தில், இத்தனை மரங்களை இனம் காண்பவனுக்கு ஓர் இறகு, இத்தனை தூரத்தை இத்தனை நொடியில் ஓடுபவனுக்கு ஓர் இறகு என்று வைத்தார். யாரையும் தோற்கடித்து வாங்குவதல்ல அது. அளவுகோலை எட்டியவர் எல்லாருக்கும் உண்டு; பத்துப் பேர் எட்டினால் பத்து இறகு. முகாம் வரலாற்றிலேயே மிக நாகரிகமான கணக்கு இதுதான் என்பேன். லூதர் குலிக்கும் அவர் மனைவி சார்லட்டும் மேய்ன் மாநிலத்து செபேகோ ஏரிக்கரையில் நடத்திய பெண்கள் முகாமிலிருந்து வளர்ந்த கேம்ப் ஃபயர் கேர்ள்ஸ் அமைப்பு, வண்ண மர மணிகளைக் கொடுத்தது. வீட்டு வேலைக்கு ஒரு நிறம், உடல்நலத்துக்கு ஒரு நிறம், இயற்கை அறிவுக்கு ஒரு நிறம். ரொட்டி சுடுவதற்கும் மணி உண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவதற்கும் மணி உண்டு. பெண்கள் வீட்டில் செய்யும் வேலைக்கு அளவும் இல்லை, கூலியும் இல்லை, அதனால்தான் மதிப்பும் இல்லை என்பது குலிக்கின் வாதம். பெண்ணின் வேலையை எண்ணத்தக்கதாக்கியது என்று இதைப் பாராட்டலாம். எண்ணி எண்ணியே அவளை அடுப்படியில் நிறுத்தியது என்று குறையும் சொல்லலாம். இரண்டும் உண்மை. இந்த இறகு, மணி அலங்காரம் எல்லாம் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து எடுத்த வேடம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஏரிக்கரையில் பூர்வகுடிப் பெயர் சூட்டிக்கொண்டு ஆடிய அதே ஆண்டுகளில், கார்லைல் போன்ற அரசு விடுதிப் பள்ளிகளில் உண்மையான பூர்வகுடிக் குழந்தைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கை எந்த முகாமும் எழுதவில்லை.

எண்ணும் முறை மாறினால் குழந்தைகளே மாறிப்போவார்கள் என்பதற்கு ஒரு முகாம் சோதனைச் சாலையாகவே இருந்திருக்கிறது. சமூக உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் 1954-இல் ஓக்லஹோமாவின் ராபர்ஸ் கேவ் பூங்காவில் பதினோரு வயதையொட்டிய 22 பையன்களை வைத்து ஒரு கோடை முகாம் நடத்தினார். அது ஆராய்ச்சி என்பது பையன்களுக்குத் தெரியாது. இரண்டு பேருந்தில் வந்து இறங்கிய இரண்டு அணிகளும் முதல் வாரம் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. பிறகு புள்ளிக் கணக்கு தொடங்கியது. பேஸ்பால், கயிறிழுத்தல், கூடாரம் அடித்தல், அறையைச் சுத்தமாக வைத்தல் என எல்லாவற்றுக்கும் புள்ளி. ஜெயித்த அணிக்குக் கோப்பை, பதக்கம், ஆளுக்கொரு மடக்குக் கத்தி. தோற்றவருக்கு ஒன்றும் இல்லை. அறைச் சோதனைப் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துப் போட்டியை இழுபறியாக வைத்துக்கொண்டவர்கள் முகாம் ஊழியர்களே. சில நாளில் ஒரு அணி மற்ற அணியின் கொடியை எரித்தது, இரவில் அறை புகுந்து சூறையாடல் நடந்தது, சாப்பாட்டுக் கூடத்தில் சண்டை. பின்பு புள்ளியை நிறுத்திவிட்டுத் தண்ணீர்த் தொட்டி பழுது, நகராத லாரி என்று எல்லாரும் சேர்ந்தால்தான் தீரும் சிக்கல்களைக் கொடுத்தார்கள். பகை தணிந்தது. கடைசி நாள் ஒரே பேருந்தில் ஊர் திரும்பினார்கள். வழியில் ஒரு அணி தான் வென்ற ஐந்து டாலரில் இரு அணிக்கும் குடிக்க வாங்கிக்கொடுத்தது. உளவியல் பாடநூல்கள் இந்த முடிவைக் குழு மனப்பான்மைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. முகாம் தேடும் பெற்றோர் அதில் வேறொன்றைப் பார்க்கலாம். பையன்கள் அதே பையன்கள், காடு அதே காடு; மாறியது ஸ்கோர் பலகையும் கொடுத்த வேலையும்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குழந்தைகள் களிமண்ணா என்ன, பெரியவர் எதை எண்ணினாலும் அப்படியே வளைந்துவிட? அவர்கள் முகாமைத் தங்கள் வழியில்தானே அனுபவிப்பார்கள்? உண்மைதான், அதற்கும் ஷெரீஃப்பே சாட்சி. முந்தைய ஆண்டு, 1953-இல், நியூயார்க் மாநிலத்தின் மிடில் குரோவ் என்ற இடத்தில் அவர் இதே சோதனையைச் செய்யப் பார்த்தார். அங்கே பையன்களை முதலில் ஒன்றாகப் பழகவிட்டு அதன்பின் இரண்டாகப் பிரித்தார்கள். ஊழியர்கள் எவ்வளவு மூட்டிவிட்டும் பையன்கள் சண்டைக்கு வரவில்லை. தங்களை யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். சோதனை பாதியில் கைவிடப்பட்டது. ஆகக் குழந்தைகளுக்கு எதிர்த்து நிற்கும் திராணி உண்டு. ஆனால் அது எப்போது வந்தது என்று கவனிக்க வேண்டும். எண்ணுவதற்கு முன் யாரும் எண்ணாத சில நாட்கள் அவர்களுக்குக் கிடைத்திருந்தன. அந்த நாட்களில் பிடித்த நட்பு பிறகு தாக்குப்பிடித்தது. இது என் வாதத்தை உடைக்கவில்லை. கணக்கில் வராத நேரம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று அதைத் திருத்துகிறது.

விசுவாசத்தை எண்ணிய முகாம்களும் உண்டு. 1930-களில் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், அமெரிக்காவிலிருந்த ஹிட்லர் ஆதரவாளர்கள் 'கேம்ப் சீக்ஃப்ரீட்' என்று ஒரு முகாம் நடத்தினார்கள். அங்கேயும் நீச்சல், பாட்டு, நல்ல காற்று எல்லாம் இருந்தன. சோவியத் ஒன்றியம் 1925-இல் கிரிமியக் கடற்கரையில் தொடங்கிய 'ஆர்டெக்', முதல் கோடையில் 80 குழந்தைகளைக் கூடாரங்களில் தங்கவைத்த காசநோய்த் தடுப்பு முகாம். சில ஆண்டுகளில் அது கம்யூனிஸ்ட் சிறுவர் அமைப்பான 'பயனியர்'-இன் சிறந்த பிள்ளைகளுக்குப் பரிசாகக் கிடைக்கும் இடமாகிவிட்டது. நோயை எண்ணிய முகாம் தகுதியை எண்ணத் தொடங்கியது. இதற்கு நேரெதிராக, அமெரிக்க யூதர்கள் 1947-இல் விஸ்கான்சினில் தொடங்கிய 'ரமா' முகாமில் கணக்கு மொழியைப் பற்றியது: பிள்ளை நாளெல்லாம் எவ்வளவு ஹீப்ரு பேசினான்? புலம்பெயர்ந்த தமிழர் தம் பிள்ளைகளின் தமிழைப் பற்றிப் படும் கவலையை அறிந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேர வகுப்பு தர முடியாததை, அந்த மொழியிலேயே சாப்பாடும் சண்டையும் நடக்கும் சில வாரங்கள் தரும் என்பது ரமா முகாமினரின் நம்பிக்கை. பாட்டும் நீச்சலும் எங்கும் பொது. பிரசுரத்தை மட்டும் வைத்து இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. எதை எண்ணினால் என்ன, பிள்ளை உயிரோடு திரும்ப வேண்டாமா? அதுதானே முதல் கணக்கு? ஆம், அதுதான் மிக மோசமாக வைக்கப்பட்ட கணக்கும். அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதியிலிருந்தே முகாம் பாதுகாப்புக்கு நாடு தழுவிய சட்டம் வேண்டும் என்ற முயற்சிகள் நடந்தன. அப்படியொரு சட்டம் கடைசிவரை நிறைவேறவில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. முகாம் சங்கத்தின் தரச் சான்று விரும்பினால் வாங்கிக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. 2025 ஜூலை 4 அதிகாலையில் டெக்சாஸின் குவாடலூப் ஆறு பெருக்கெடுத்தபோது, 1926-இல் தொடங்கப்பட்ட 'கேம்ப் மிஸ்டிக்' சிறுமியர் முகாமில் சிறுமிகளும் வழிகாட்டிப் பெண்களுமாக 27 பேர் இறந்தார்கள். நூற்றாண்டை நெருங்கிய பாரம்பரியம் அந்த முகாமின் பெருமை. தங்கும் அறைகளில் சில வெள்ளம் வரக்கூடிய தாழ்நிலத்தில் இருந்தன. அத்தகைய நிலத்தில் முகாம் அறைகள் கூடாது என்ற சட்டத்தை டெக்சாஸ் அதே ஆண்டு இயற்றியது. நம் பக்கத்திலும் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் போன பிறகுதான் பள்ளிக் கூரையையும் படிக்கட்டையும் பற்றி எல்லாரும் பேசினோம். வாடகை மண்டபத்திலோ மொட்டைமாடிக் கொட்டகையிலோ பதினைந்து நாள் நடக்கும் முகாமிடம் அந்தக் கேள்விகளைப் பெற்றோர்தான் கேட்டாக வேண்டும்: வெளியேற எத்தனை வழி, நீச்சல் குளத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள், கரையில் நின்று தலை எண்ணுபவர் யார், அவருக்கு வேறு வேலை ஏதும் உண்டா. எண்ணுவதை நான் எதிர்க்கிறேன் என்று யாராவது நினைத்திருந்தால், இங்கே ஒரு தலைகூட விடாமல் எண்ணத்தான் சொல்கிறேன்.

மூன்றாவதாக, நம் ஊர் முகாமை ஸ்குவாம் ஏரியோடு ஒப்பிடுவதே பொருந்தாது என்று சொல்லலாம். இங்கே பிள்ளை இரவு தங்குவதில்லை. காலை பத்துக்குப் போய் ஒரு மணிக்கு வந்துவிடுகிறது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டில் தாத்தா பாட்டியும் இல்லையென்றால், பிள்ளையைப் பத்திரமாக விட ஓரிடம் வேண்டும், அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1880-களின் பாரிஸ் தாய்மாருக்கும் அந்தத் தேவை இருந்தது. சிக்கல் எங்கே என்றால், இந்த எளிய தேவையை ஒப்புக்கொள்ள நாம் கூச்சப்படுகிறோம். கூச்சத்தை மறைக்கக் கட்டணத்துக்கு ஈடாக எதையாவது காட்ட வேண்டியிருக்கிறது, நடத்துபவரும் காட்டுகிறார். பத்து நாளில் பன்னிரண்டு கலைகள், கடைசி நாள் மேடை, பெயர் பொறித்த சான்றிதழ், கையில் ஒரு பதக்கம். பாரிஸ் ஆண்டறிக்கையில் ஏறிய கிலோவுக்கும் இந்தச் சான்றிதழுக்கும் வேலை ஒன்றே: பணம் கொடுத்தவருக்கு ரசீது. கிலோவாவது மெய்யாகக் கூடியது. மே மாத வெயிலில் ஒன்பது நாள் கீபோர்டு தொட்ட பிள்ளைக்குக் கீபோர்டு வராது. வந்ததாகச் சான்றிதழ் மட்டும் வரும். அதைவிட, ஒரே ஒரு விளையாட்டை ஒழுங்காகச் சொல்லித்தரும் முகாம் மேல். மாவட்ட விளையாட்டு அரங்குகளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் கோடைகாலப் பயிற்சி முகாம்கள் அந்த வகை. அங்கே பிள்ளை ஓடிய ஓட்டமாவது உண்மை.

ஆகவே முகாமில் சேர்ப்பதற்கு முன் நடத்துபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசி நாள் பிள்ளையின் கையில் என்ன கொடுப்பீர்கள், அதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? சாப்பிட்ட தட்டை யார் கழுவுவது? ஒரு நாளில் எதுவும் திட்டமிடாத நேரம் எவ்வளவு? எல்லாருக்கும் ஒரே பதக்கம், தட்டுக் கழுவ ஆள் இருக்கிறார், ஒரு நிமிடம்கூட வீணாக்க மாட்டோம் என்று பெருமையாகப் பதில் வந்தால், பணத்தைக் கட்டாமல் பிள்ளையைப் பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.